ஓட்டம் இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது

தண்ணீர் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள அதைப் பார்த்தால் போதும் என்றுதான் பிளம்பர் ஐம்பத்திரண்டு வயது வரை நினைத்திருந்தார்.

அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரி சின்னது. இரண்டு மாடி, நாற்பது படுக்கை, கீழ்த்தளத்தின் கோடியில் ஒரு டயாலிசிஸ் அறை. அங்கே ஆறு மிஷின்கள் இருந்தன. சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு அதன் வேலையை வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் அவை செய்து கொடுத்தன. அதற்கு மின்சாரம் வேண்டும், பக்கத்தில் சிஸ்டர் வேண்டும், நிற்காத தண்ணீர் வேண்டும். முதல் இரண்டும் இருந்தன.

தெருவில் புது ரோடு போட்ட மறுவாரம் தண்ணீர் குறைந்தது. இருபது லிட்டர் வாளி ஒரு நிமிஷத்தில் நிறைந்துகொண்டிருந்தது, இப்போது மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டது. ஆறு மிஷினில் நான்குதான் ஓடின. சிஸ்டர் யாரையும் திருப்பி அனுப்ப மனமில்லாமல், இருக்கிற நேரத்தை எல்லோருக்கும் பங்கு போட்டார். ஆளுக்கு இரண்டரை மணி நேரம் வந்தது.

அப்படிப் பங்கு வாங்கியவர்களில் ஒருவர் பிளம்பரின் மச்சான், மனைவியின் அண்ணன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர்.

"ஒரு நாளும் நான் பயணியைப் பாதி வழியில இறக்கிவிட்டதில்ல. என்னைத்தான் வாரத்துக்கு மூணு தடவை இறக்கி விடறாங்க" என்றார். சொல்லும்போது சிரித்தார். அப்போது கால் வீக்கம் கணுக்காலோடு நின்றிருந்தது.

பிளம்பர் குடிநீர்த் துறைக்குப் போனார். பொறியாளர் அவர் எழுதிக் கொண்டுவந்த தாளைப் பார்த்தார்.

"எதால அளந்தீங்க?"

"வாளியால சார். கையில வாட்ச் இருந்துச்சு."

"வாளி அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லீங்களே."

"ரோட்டுல இருக்கற வால்வை ஒரு தடவை திறந்து பாத்துட்டா போதும் சார். ரோடு போடறப்ப மூடினதைச் சரியாத் திறக்கலையோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

பொறியாளர் பதிவேட்டைப் புரட்டினார். "வால்வு திறந்துதான் இருக்கு. இதோ, கையெழுத்தே இருக்கு. திறந்திருக்கற வால்வை எப்படிங்க திறக்கறது? ஓட்டம் குறைவா இருக்குன்னு அளவீட்டு நிலையத்துல ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

அதன் முழுப் பெயர் திரவ ஓட்ட ஒளியியல் அளவீட்டு உயர்நிலையம். பெயர்ப்பலகை கட்டடத்தை விட நீளமாகிவிட்டதால் கடைசி எழுத்துகளைப் பக்கச் சுவரில் மடக்கி எழுதியிருந்தார்கள். அக்கம்பக்கத்தில் லேசர் ஆபீஸ் என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

முன்னறைக் குமாஸ்தா பதினோரு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார். மூன்றாம் பக்கத்தில், 'ஓட்டத்தின் மாதிரி இணைக்கப்பட்டுள்ளதா' என்று ஒரு கேள்வி இருந்தது.

"மாதிரின்னா என்னங்க?"

"ஒரு லிட்டர். சுத்தமான பாட்டில்ல, மூடிக்கு சீல் வச்சு."

"பாட்டில்ல அடைச்சா தண்ணி ஓடாதுங்களே."

"ஓடுதா ஓடலையான்னு சொல்லத்தான் நாங்க இருக்கோம். அதையும் நீங்களே சொல்லிட்டா எங்களுக்கு என்ன வேலை?"

பிளம்பர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று வாரம் கழித்துச் சான்றிதழ் தபாலில் வந்தது. வேகம்: சுழியம். அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். பிழை ஒன்றும் இல்லை. பாட்டிலில் இருந்த தண்ணீர் ஓடவில்லைதான்.

இயக்குநரைப் பார்க்க நான்கு நாள் பெஞ்சில் உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் உள்ளே விட்டார்கள். இயக்குநர் மென்மையான மனிதர். யாரையும் அவர் அலட்சியமாக நடத்தியதில்லை. எல்லோருக்கும் ஒரே உரையைத்தான் நிகழ்த்துவார்.

"உலகத்துல எல்லாரும் தண்ணியைத் தொட்டு அளக்கறாங்க. உள்ள சக்கரத்தைப் போடுவாங்க, இல்லன்னா குழாயைச் சொருகுவாங்க. தொட்ட உடனே ஓட்டம் கெட்டுப்போகுது. நாங்க தொடறதில்ல. ரெண்டு ஒளிக்கதிரை விட்டு, தூர நின்னு பாக்கறோம். நிலையம் ஆரம்பிச்சு இருபது வருஷம் ஆகுது. இதுவரைக்கும் எங்களால எந்தத் தண்ணிக்கும் எந்த மாற்றமும் வந்ததில்ல."

பிளம்பர் இதை உடனே நம்பினார்.

"நேர்ல வந்து அளந்தா நல்லா இருக்கும் சார். அங்க ஆளுங்க படுத்திருக்காங்க."

"கண்டிப்பா. கள ஆய்வுக்குத் தனிப் படிவம் இருக்கு."

கள ஆய்வுக் குழு இரண்டு மாதம் கழித்து வந்தது. வேனில் ஆறு இருக்கை. டிரைவர், துணை இயக்குநர், பாதுகாப்பு அதிகாரி, கோப்பு தூக்குகிறவர், போட்டோ எடுக்கிறவர் என்று ஐந்து போக, ஆறாவது இருக்கையில் பேனர் வந்தது. கருவியைப் பத்தொன்பது வருஷமாகக் கையாளும் தொழில்நுட்பப் பணியாளர் ஒரு பெண். அலுவலகத்தில் அவரை லேசர் அக்கா என்பார்கள். அவருக்கு இடமில்லை.

டயாலிசிஸ் அறைக்குப் போகும் குழாயின் பக்கக் கிளையில் ஒரு கண்ணாடித் துண்டைப் பொருத்தினார்கள். அதற்கு முன்னால் மூன்று வடிகட்டிகளை வரிசையாக மாட்டினார்கள். தண்ணீர் மூன்றையும் தாண்டி, கண்ணாடி வழியாக வந்து, ஒரு ரப்பர் குழாயில் சாக்கடைக்குப் போகவேண்டும்.

பாதுகாப்பு அதிகாரி, லேசர் எரியும் இடம் இருட்டாக இருக்கவேண்டும் என்றார். தளம் முழுக்க விளக்கணைத்தார்கள். இருட்டில் ஊசி குத்த முடியாது என்று சிஸ்டர் சொன்னார். அப்படியானால் இன்று குத்தவேண்டாம் என்று துணை இயக்குநர் அனுமதி அளித்தார். மச்சானும் இன்னும் ஐந்து பேரும் நடைவழியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

பிறகு எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். பச்சை ஒளி கண்ணில் படாமல் தடுக்கும் கண்ணாடி. கருவியிலிருந்து வந்த கதிர்கள் பச்சை நிறம். கண்ணாடி போட்டவர்களுக்கு அவை தெரியவில்லை. இரண்டு கதிரும் தண்ணீருக்குள் சந்திக்கின்றனவா, சுவரில் சந்திக்கின்றனவா என்று பார்க்க யாராவது கண்ணாடியைக் கழற்றவேண்டும். கழற்றுவது விதிக்குப் புறம்பு. போட்டோ எடுக்கிறவர் மட்டும் வேறு வழியில்லாமல் கழற்றினார். சுவரில் ஒரு பச்சைப் புள்ளி அழகாக இருக்கிறது என்று சொல்லி அதைப் படம் எடுத்துக்கொண்டார். அரை மணி நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்ததில் தற்செயலாகக் கதிர்கள் தண்ணீருக்குள் வந்து சேர்ந்தன.

திரையில் சுழியம் வந்தது.

"ஓட்டம் இல்லை" என்றார் துணை இயக்குநர். கோப்பு தூக்குகிறவர் எழுதிக்கொண்டார்.

"சார், ரப்பர் குழா நழுவிடுச்சு. தண்ணி உங்க ஷூ மேல கொட்டுது" என்றார் பிளம்பர்.

துணை இயக்குநர் காலைத் தூக்கிப் பார்த்தார். "அது தனி விஷயம்" என்று தள்ளி நின்றார்.

இந்தச் சான்றிதழ் ஒரே வாரத்தில் வந்துவிட்டது. அதன் நகல் குடிநீர்த் துறைக்கும் போயிற்று. துறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் இணைப்பில் ஓட்டம் இல்லை என உரிய நிலையம் சான்றளித்துள்ளதால், அது பயன்பாட்டில் இல்லாத இணைப்பாகக் கருதப்படுகிறது. வரும் திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குச் சாலை வால்வு மூடி முத்திரையிடப்படும்.'

அந்த வாரம் மச்சானுக்கு வீக்கம் முட்டி வரை ஏறியது. படுத்தால் மூச்சு முட்டியது. மூன்று தலையணையை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினார். பஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அண்ணன் நாலு வார்த்தை பேசறதுக்குள்ள ரெண்டு தடவை நிறுத்தறாரு" என்றாள் பிளம்பரின் மனைவி. "நீங்க இன்னும் பேப்பரைத் தூக்கிக்கிட்டு அலையுங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு என்னவோ போல் இருந்தது. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு லேசர் ஆபீசுக்குப் போனார்.

"உங்க வருத்தம் புரியுது" என்றார் இயக்குநர். "ஆனா கருவி பொய் சொல்லாது. குடுத்த சான்றிதழ் தப்புன்னு நாங்க சொன்னா, இதுவரைக்கும் குடுத்ததெல்லாம் என்ன ஆகும்? ஒண்ணு வேணா செய்யலாம். சான்றிதழ் குடுத்ததுக்கப்புறம் அங்க புதுசா ஓட்டம் ஆரம்பிச்சிருந்தா, அதைப் புது ஓட்டமா எடுத்துக்கலாம். படிவம் குடுங்க. ரெண்டு மாசத்துல ஆள் வரும்."

"திங்கட்கிழமை மூடறாங்க சார்."

"மூடினப்புறமும் வந்து அளப்போம். அதுல எங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல."

பிளம்பர் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார். எழுந்து போகவேண்டும் என்று தெரிந்தது, போகத் தோன்றவில்லை. மேலிருந்து ஒரு பெண் டீக் கோப்பையோடு இறங்கி வந்தார். இரண்டு படி தாண்டிப் போய்த் திரும்பினார்.

"ஆஸ்பத்திரிக்காரர்தானே நீங்க? வேன்ல எனக்கு எடமில்லாமப் போச்சு. எத்தனை வடிகட்டி மாட்டினாங்க?"

"மூணு."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்தான் லேசர் அக்கா.

"ரெண்டு கதிரும் சந்திக்கிற எடத்துல, ஒரு நூலிழை அளவுக்கு, வெளிச்சமும் இருட்டுமா கோடு கோடா நிக்கும். தண்ணியோட போற தூசி அந்தக் கோடுங்களைத் தாண்டறப்ப மினுக்கு மினுக்குன்னு மின்னும். எவ்வளவு சீக்கிரம் சீக்கிரமா மின்னுதோ, தண்ணிக்கு அவ்வளவு வேகம். நாம தண்ணியைப் பாக்கறதே இல்லீங்க. தூசியைத்தான் பாக்கறோம்."

"தூசி இல்லன்னா?"

"மிஷினுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இருக்கும்."

"அப்புறம் எதுக்கு வடிகட்டி?"

"பதினோரு மாசம் முன்னாடி ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. சுத்தமான ஓட்டத்தை மட்டும்தான் அளக்கணுமாம். அன்னியிலேர்ந்து இந்த நாட்டுல எதுவும் ஓடலை."

"நீங்க சொல்லலையா?"

"ஏழு தடவை எழுதிக் குடுத்தேன். ஏழும் ஃபைல்ல இருக்கு." டீயைக் குடித்து முடித்தார். "ஞாயித்துக்கிழமை அங்க டயாலிசிஸ் உண்டா?"

"இல்லீங்க."

"வாட்ச்மேன்கிட்ட, பெட்டியைப் பழுது பாக்க எடுத்துட்டுப் போறேன்னு எழுதி வச்சிட்டு வரேன். பொய்யும் இல்ல அது."

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் டாக்ஸியில் வந்து இறங்கினார். மடியில் கருவி, காலடியில் கண்ணாடித் துண்டு. பிளம்பர் டயாலிசிஸ் அறைக்குப் போகும் வால்வை இறுக்கி மூடி, வருகிற தண்ணீர் முழுவதையும் பக்கக் கிளை வழியாகச் சாக்கடைக்குத் திருப்பினார். வடிகட்டி மாட்டவில்லை. லேசர் அக்கா சுவரில் ஒரு கறுப்பு அட்டையைச் சாய்த்து வைத்து, கதிர்களைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, சொடக்குப் போடும் நேரத்தில் குழாயின் நடுவில் சந்திக்கவைத்தார்.

திரையில் எண்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தன.

"தூசி பத்தலை. கொஞ்சம் பால் கிடைக்குமா?"

"டீ போடணுங்களா?"

"தண்ணியில விடணும். பால்ல இருக்கற கொழுப்பு பொடிப் பொடியா மிதக்கும். இதுக்கு அதைவிட நல்ல தூசி கிடையாது."

வார்டு டூட்டிக்கு வந்திருந்த சிஸ்டர் தன் டீக்கு வைத்திருந்த பாலில் கொஞ்சம் கொடுத்தார், ஒரு சிரிஞ்சும் கொடுத்தார். பிளம்பர் குழாயின் மேல்பக்கத்தில் இருந்து சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டார். பச்சைக் கதிர்கள் தண்ணீருக்குள் சட்டென்று இரண்டு கோடுகளாகத் தெரிந்தன. எண்கள் நிற்காமல் வர ஆரம்பித்தன. லேசர் அக்கா கருவியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, குழாயின் ஒரு சுவரில் இருந்து மறு சுவர் வரை பதினோரு இடத்தில் அளந்தார். சுவரோரம் தண்ணீர் தயங்கித் தயங்கிப் போயிற்று. நடுவில் விநாடிக்கு இருபத்தெட்டு சென்டிமீட்டர். சராசரி இருபத்திரண்டு.

பிளம்பர் சுவரில் பென்சிலால் கணக்குப் போட்டார். இருபது லிட்டர், மூன்று நிமிஷம், ஒரு அங்குலக் குழாய்.

"என் வாளிக்கும் அதேதாங்க வருது."

லேசர் அக்கா எட்டிப் பார்த்தார். "பத்தொன்பது வருஷத்துல எனக்குக் கிடைச்ச முதல் சரிபார்ப்பு இதுதான்" என்றார். கேலியா இல்லையா என்று பிளம்பருக்குப் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு லேசர் அக்கா அறிக்கையை இயக்குநரின் மேஜையில் வைத்தார். அங்கே நடந்ததை அவரே பிற்பாடு பிளம்பரிடம் சொன்னார். அனுமதி இல்லாமல் கருவியை எடுத்துப் போனதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. மின்விசிறியைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் அவர் ஒன்றுதான் சொல்லியிருக்கிறார்.

"இந்த மாசம் ஆண்டறிக்கை அச்சுக்குப் போகணும் சார். பதினோரு மாசமா எல்லாமே சுழியம். வரைபடத்துல கோடு தரையோட தரையா கிடக்கு. இது ஒண்ணுதான் நம்பரா வந்திருக்கு."

இயக்குநர் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாராம்.

"பால்னு எழுதியிருக்கீங்களே. பால்னு வேண்டாம். 'உயிரியல் மூலத் துகள்'னு போடுங்க." அப்புறம் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடிநீர்த் துறைக்குத் தொலைபேசியை எடுத்திருக்கிறார். அங்கே லைன் பிஸி.

அதே நேரம் பிளம்பர் ரோட்டோரத்தில் நின்றிருந்தார். துறையின் வால்வுக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். துறையில் சொன்ன நேரத்துக்கு வருகிறவர் அவர் ஒருவர்தான். குழி மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து, ஆளுயர இரும்புச் சாவியை உள்ளே இறக்கினார்.

"கொஞ்ச நேரம் பொறுங்க. உள்ள நாலு பேர் படுத்திருக்காங்க. என் மச்சான் இருக்காரு."

"எனக்கு மட்டும் ஆசையாங்க? ஆர்டர் இருக்கு." வால்வுக்காரர் சாவியைத் திருகிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். இன்னொரு தடவை திருகினார். "இது ஏற்கெனவே மூடித்தானே இருக்கு. ரெண்டு சுத்துதான் திறந்திருக்கு. மொத்தம் பதினாலு சுத்து."

பிளம்பர் குழியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

"ரோடு போட்டப்ப மூடியிருப்பாங்க. திறக்கறப்ப சாப்பாட்டு நேரம் வந்திருக்கும்" என்றார் வால்வுக்காரர். "சரி, இப்ப முழுசாத் திறந்துட்டுத்தான் மூடணும். நாள்பட்ட வால்வை அப்படியே இறுக்கினா தண்டு முறிஞ்சுடும்."

அவர் சுற்ற ஆரம்பித்தார். மூன்று, நான்கு என்று வாய்விட்டு எண்ணினார். ஏழாவது சுற்றில் குழிக்குள் தண்ணீர் சீறும் சத்தம் கேட்டது. பதினான்காவது சுற்றில் சாவி நின்றது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மூடுவதற்காக அதை மறுபக்கம் பிடித்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது.

"சொல்லுங்க சார். ஆமா சார். இல்ல சார், இன்னும் மூடலை. சரி சார்." போனை வைத்தார். "சான்றிதழ் வந்துடுச்சாம். ஒண்ணும் செய்யாம, இருக்கறபடியே விட்டுட்டு வரச் சொல்றாங்க."

"இருக்கறபடியேவா?"

"இருக்கறபடியே."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வால்வுக்காரர் சாவியை உருவித் தோளில் வைத்துக்கொண்டு, குழியை மூடிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் ஆறு மிஷினும் ஓடின. மச்சானுக்கு நான்கு மணி நேரம் முழுசாகக் கிடைத்தது. மூன்றாம் மணி நேரத்தில் தூங்கிவிட்டார், படுத்தபடி. பிளம்பர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவர் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மறுமாதம் லேசர் ஆபீசில் விழா நடந்தது. பிளம்பருக்கும் அழைப்பு வந்ததால் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் இயக்குநர் பேசினார்.

"அந்த ஆஸ்பத்திரியில நாங்க முதல்ல அளந்தப்ப வேகம் சுழியம். ரெண்டாவது தடவை அளந்தப்ப இருபத்திரண்டு. நடுவுல வேற யாரும் எதுவும் செய்யலை. நாங்க அளந்தோம், அவ்வளவுதான். இந்த முன்னேற்றத்தைச் சதவீதத்துல சொல்லலாம்னு பாத்தோம். சுழியத்தால வகுக்க முடியலைன்னு கணக்குப் பிரிவுல சொல்லிட்டாங்க. கணக்குக்கே அடங்காத முன்னேற்றம்னு ஆண்டறிக்கையில போட்டிருக்கோம்."

கை தட்டினார்கள். பிளம்பரும் தட்டினார். பக்கத்து நாற்காலிக்காரர் தட்டும்போது சும்மா இருப்பது அவருக்குச் சங்கடமாக இருந்தது. லேசர் அக்கா விழாவில் இல்லை. அவரைக் காற்றோட்டப் பிரிவுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அங்கேயும் போன வாரம் ஒரு சுற்றறிக்கை வந்ததாகவும், இனி அறையில் தூசி இருக்கக் கூடாதாம் என்றும் பிறகு போனில் சொன்னார்.

குடிநீர்த் துறையில் இருந்தும் ஒரு கடிதம் வந்தது. சான்றளிக்கப்பட்ட வேகம் இருபத்திரண்டு என்றிருக்க, ஆஸ்பத்திரிக்கு அதைப்போல் மூன்று மடங்கு தண்ணீர் போவதாகத் தெரிகிறது, கூடுதல் ஓட்டத்துக்குச் சான்று எங்கே என்று கேட்டிருந்தார்கள். பிளம்பர் அதை ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கொடுத்தார். அதற்கென்று ஒரு ஃபைல் திறந்தார்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆறாவது மிஷினுக்குப் புதிதாக ஒருவர் வர ஆரம்பித்திருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அதுவரை பக்கத்து ஊருக்கு இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தவர். ஒரு நாள் பிளம்பர் வாஷ்பேசின் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"இங்க தண்ணி இல்லன்னுதானே இத்தனை நாளா என்னைச் சேத்துக்கலை. இப்ப எப்படி வந்துச்சு?"

பிளம்பர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தார். யோசிக்க யோசிக்க அலுப்பாக இருந்தது.

"ரோட்டுல வால்வு மூடியிருந்துச்சு டீச்சர். திறந்துவிட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

டீச்சர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "ஒரு வால்வைத் திறக்கறதுக்கா நாலு மாசம்? அதுவரைக்கும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?"

"அளந்துக்கிட்டு இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு, பிளம்பர் மறுபடி குனிந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.